புதுக்கடைக்குப் போகும் வழி

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பிள்ளை டாக்டராக வேண்டும், இல்லையேல் எஞ்சினியராக வேண்டும் என்பது நம் வீடுகளில் நாள்தோறும் கேட்கும் பேச்சு. சட்டம் படிக்கட்டும் என்போர் சிலரே. ஆனால் நம் மன்னாரின் கவலைகளை எண்ணிப் பாருங்கள். இடப்பெயர்வில் காணி உறுதியைத் தொலைத்த குடும்பங்கள், இழுவைப் படகுகளால் வலையை இழந்த மீனவர், காணாமற்போன பிள்ளையைத் தேடும் தாய்மார் ஆகிய எல்லோரும் ஈற்றில் நாடுவது சட்டத்தையே. இழுவைமடித் தொழிலைத் தடைசெய்யும் சட்டத் திருத்தம் 2017இல் நிறைவேறியது. சட்டம் ஏட்டில் இருந்தால் மட்டும் போதுமா? அதை எடுத்துரைக்க நம்மவர் வேண்டாமா?

சட்டம் பயில முக்கிய வழிகள் இரண்டு. ஒன்று பல்கலைக்கழகம். அங்கே அனுமதி உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியைப் பொறுத்தது. கல்வியிற் பின்தங்கியவை எனக் கொள்ளப்படும் மாவட்டங்களுள் மன்னாரும் ஒன்றாதலால் அங்கே ஒரு சலுகையும் நமக்குண்டு.

மற்றது, 1874இல் தோன்றி, கொழும்புப் புதுக்கடையில் இயங்கும் சட்டக் கல்லூரி. அதற்கு நுழைவுப் பரீட்சை உண்டு. மொழி ஒரு வினாத்தாள். பொது அறிவும் நுண்ணறிவும் மற்றொன்று. இங்கே மாவட்டச் சலுகை கிடையாது. தலைமன்னார்ப் பிள்ளையும் கொழும்புப் பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்க வேண்டியதே.

இப்பரீட்சைக்கு நாமும் நண்பர் சிலருமாகத் தோற்றினோம், சித்தியடையவில்லை. காரணத்தை மறைக்க விரும்பவில்லை. மிஷன் பாடசாலையில் ஆங்கிலம் கற்றோம் என்ற மிதப்பு ஒருபுறம். பொது அறிவுப் புத்தகம் ஒன்றை மனனம் செய்த துணிவு மறுபுறம். சுருக்கி எழுத வேண்டிய இடத்தில் மேடைப் பேச்சுப் போலப் பக்கங்களை நிரப்பினோம். நுண்ணறிவு வினாக்களில் பாதியைத் தொடுமுன் மணி அடித்துவிட்டது. நம்மைத் தோற்கடித்தது அறிவின்மையன்று, பயிற்சியின்மையே என்று அன்று உணர்ந்தோம்.

ஆகவே தம்பி தங்கையருக்கு நாம் சொல்வது இது. உயர்தர வகுப்பிலேயே தொடங்குங்கள். நாள்தோறும் பத்திரிகைத் தலையங்கம் ஒன்றைப் படித்து, அதன் கருத்தை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி எழுதுங்கள். கடிகாரத்தை முன்வைத்துப் பழைய வினாக்களைச் செய்யுங்கள். சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்கும் தாய்மொழிக்கும் திறமைச் சித்தி வேண்டும் என்பதை மறவாதீர்கள். சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மாத்திரம் நடத்த 2020இல் விதி வகுக்கப்பட்டது. 2023இல் பாராளுமன்றம் அதனை நிராகரித்தது. அதனால் ஆங்கிலத்தைக் கைவிடலாம் என எண்ணற்க. மேல்முறையீட்டுத் தீர்ப்புக்களில் மிகப் பல ஆங்கிலத்திலேயே உள்ளன.

வசதியில்லையே என்று சோர வேண்டாம். தந்தை செல்வா எனப் போற்றப்படும் செல்வநாயகம் அவர்கள் ஆசிரியத் தொழில் புரிந்துகொண்டே சட்டம் பயின்றவர்.

பெரியோர்களிடம் விண்ணப்பம் இரண்டு. வாரத்தில் ஒரு மாலை நம் சங்க மண்டபத்தைப் படிப்பு வட்டத்துக்குத் திறந்து விடுங்கள். இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர் எம் சுருக்கங்களைத் திருத்தித் தந்தால் அதுவே பேருதவி. அடுத்து, முதல்முறை தவறிய பிள்ளையை ஏளனம் செய்யாதீர்கள்.

நாம் மறுபடியும் தோற்றப் போகிறோம். இம்முறை தனியே அல்ல, உங்களுள் பலரோடு சேர்ந்து போக விரும்புகிறோம்.