துவிச்சக்கர வண்டியும் முள்ளும்



காற்றடைத்த ரயருக்கு 1888ஆம் ஆண்டில் உரிமை பெற்ற டன்லொப் ஒரு மிருக வைத்தியர். நம்மூர் நெருஞ்சி முள்ளை அவர் கண்டிலர்! வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடையேயுள்ள பாலத்தில் காற்றுப் போனால், இருபுறமும் கடல். நிழலுமில்லை, ஒட்டுப் போடுபவருமில்லை. குறிகட்டுவானிலே நயினாதீவுப் படகு நமக்காகக் காத்து நிற்காது.

ஆதலால் புறப்படுமுன் ரயரை அழுத்திப் பார்ப்போம். காற்றுக் குறைந்திருக்கப் பாரமேற்றினால், ரியூப் கல்லுக்கும் றிம்முக்கும் இடையே நசுங்கி இரட்டைத் துளை விழும். ரியூப்பைத் தண்ணீரில் அமிழ்த்தினால் குமிழி துளையைக் காட்டிவிடும். நம்மிற் பலர் அத்தோடு நின்றுவிடுகிறோம். ரயரின் உட்புறத்தைப் பழந்துணியாலே தடவிப் பார்த்து முள்ளை எடுப்பதில்லை. அதே முள் மறுநாளும் குத்தும்; திட்டு வாங்குபவரோ ஒட்டுப் போட்டவர்!