தேன்பெட்டியும் வாட்டுக்கிழங்கும்



திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் பெருவழியில் பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம் என ஊர்கள் அணிவகுத்து நிற்கின்றன. பாலராமபுரத்திலிருந்து கடற்பக்கமாகத் திரும்பினால், விழிஞ்ஞத்தை அடுத்துக் கோட்டுகால் என்னும் சிற்றூர் உண்டு. தென்னையும் மரச்சீனியும் பலாவும் செழித்த நாடு இது. 1956 நவம்பர் முதல் நாளன்று விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடும், நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தோடும் சேர்ந்தன. களியக்காவிளையில் எல்லைக்கோடு விழுந்தது. நாம் இன்று பேசப்புகும் கல்வியோ அக்கோடு விழுவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அங்கு வேரூன்றியது. பள்ளிக்கூடத்துக் கல்வியன்று அது. வீட்டுக் கொல்லையில் கற்கும் கல்வி.

சேலத்தில் பிறந்த கே. டி. பால் ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தின் தலைமைச் செயலாளர் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர். நகரத்து இளைஞர்களுக்கென ஏற்பட்ட அந்த இயக்கத்தைச் சிற்றூர்களின் பக்கம் திருப்பியவர் அவரே. அவ்வழியில் வந்த அமெரிக்கரான ஸ்பென்சர் ஹாட்ச், 1920-களில் மார்த்தாண்டத்தில் கிராமப் புனரமைப்பு நிலையம் ஒன்றை நடத்தினார். ஏழைக் குடியானவன் பெருமுதல் இன்றித் தன் வீட்டுப் புறத்திலேயே செய்யக்கூடியதையே அவனுக்குக் கற்பிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. கோழி வளர்ப்பு, காய்கறித் தோட்டம், பனைவெல்லம், நெசவு எனப் பலவும் அங்கே சொல்லித் தரப்பட்டன. முட்டைகளைத் தரம் பிரித்துக் கூட்டாக விற்கவும் பழக்கினார்கள். செய்யக் கற்பித்துவிட்டு விற்க வழிகாட்டாமல் போகும் பயிற்சிகளை நாம் எத்தனையோ கண்டிருக்கிறோம். மார்த்தாண்டம் அப்பிழையைச் செய்யவில்லை.

ஆயினும் அந்நிலையத்தின் பெயரை இன்றளவும் நிலைநிறுத்தியது தேனீதான். மரப்பொந்திலும் பாறை இடுக்கிலும் அடுக்கடுக்காய்க் கூடு கட்டுவது நம் நாட்டுத் தேனீயின் இயல்பு. முன்னாளில் இருட்டிய பின் தீப்பந்தத்தோடு சென்று, கூட்டை அறுத்து, புழுவும் மெழுகும் தேனுமாகப் பிழிந்தெடுப்பார்கள். ஒருமுறை தேன் கிடைக்கும், கூட்டமோ அழியும். அடைக்கும் அடைக்கும் இடையே தேனீ ஓர் அளவான வழியை விட்டுவைக்கிறது. அவ்வளவை மாறாமல் காத்தால் அடைகளைச் சட்டங்களில் கட்டச் செய்து, தேவையான போது வெளியே எடுக்கலாம். இந்த உண்மையை 1851-இல் பயன்கொண்டவர் அமெரிக்கரான லாங்ஸ்ட்ராத். நம் தேனீயின் சிற்றுருவுக்கு ஏற்ற சிறு பெட்டியை அமைத்து, 1911 முதல் 1917 வரை தென்னிந்தியாவில் பலருக்கும் பயிற்சி அளித்தவர் நியூட்டன் பாதிரியார். 1924-இல் மார்த்தாண்டத்தில் ஹாட்ச் தேனீ வளர்ப்பைத் தொடங்கினார். 1937-இல் அங்குத் தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது.

கீழறை புழுக்களுக்கு, மேலறை தேனுக்கு. மேலறைச் சட்டங்களை மட்டும் எடுத்துப் பொறியில் சுழற்றினால் தேன் வடியும், அடை உடையாது, அதையே திரும்ப வைத்துவிடலாம். தேனீக்கள் மெழுகால் மூடிய அறைகளின் தேனையே எடுக்க வேண்டும். மூடாத தேனில் நீர் மிகுதி. சில வாரங்களில் புளித்துப் பொங்கும். எனவே எடுத்த தேனைக் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து இளஞ்சூடு காட்டி வடிகட்டுவதும் பாடத்தின் ஒரு பகுதியாயிற்று.

இந்நாட்டின் பெருந்தேன் பூவிலிருந்து வருவதன்று என்றால் நேயர்கள் வியக்கக்கூடும். ரப்பர் மரம் தை, மாசியில் இலையுதிர்ந்து தளிர்க்கும் காலத்தில், இலைக்காம்பின் நுனியில் உள்ள சுரப்பிகள் இனிப்பு நீரைக் கசிகின்றன. தேனீக்கள் அதையே மொய்த்து உண்கின்றன. ரப்பர்த் தோட்டங்களை நம்பிப் பெட்டிகளை ஊர்விட்டு ஊர் கொண்டு செல்வோர் இருபுறத்தும் உண்டு. தமிழ்நாட்டுப் பெட்டிக்கும் கேரளப் பெட்டிக்கும் தளிர் ஒன்றுதான்.

1991-92-இல் பெருந்துன்பம் ஒன்று நேர்ந்தது. தாய் சாக்புரூட் என்னும் நச்சுயிர் நோய் புழுக்களைப் பைபோல் உப்பச் செய்து கொன்றது. கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் பெரும்பாலான கூட்டங்கள் அழிந்தன. வெறும் பெட்டிகள் அடுக்களையில் சாமான் வைக்கப் பயன்பட்டிருந்தாலும் வியப்பதற்கில்லை. ஆனால் நோய்க்குத் தப்பிய கூட்டங்களைத் தேடிப் பிடித்து, அவற்றைப் பிரித்துப் பெருக்கி, இத்தொழிலை மீட்டார்கள். கைப்பழக்கம் மனிதரிடம் எஞ்சியிருந்ததால் அல்லவா அது கைகூடிற்று?

இனி மரச்சீனி. தென்திருவிதாங்கூரில் மரவள்ளிக்கு அதுவே பெயர். 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் இதனைப் பரப்பினார். 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமாகி அரிசி வரத்து நின்றபோது, வெளியரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூர் ஏழைகளின் உயிரைப் பிடித்து நிறுத்தியது இக்கிழங்கே. ஆனால் பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் கறுத்துக் கெடும். பஞ்ச காலத்தில் பயன்பட வேண்டுமாயின் அதை உலர்த்தி வைக்கும் வித்தை தெரிந்திருக்க வேண்டும். தோல் சீவி, வில்லைகளாக அரிந்து, கொதிநீரில் அரைவேக்காடாக வாட்டி, நீரை வடித்துக் கொட்டிவிட்டு, பாறையிலோ பாயிலோ நல்ல வெயிலில் காய வைப்பார்கள். இதுவே வாட்டுக்கிழங்கு. ஒடித்தால் கலகலவென்று ஒடிய வேண்டும். வளைந்தால் ஈரம் உள்ளது என்று பொருள். மழைக்காலம் முழுதும் இருக்கும்.

நீரை வடிப்பது சுவைக்காக மட்டும் அன்று. கிழங்கை வெட்டும்போது அதிலுள்ள ஒரு பொருள் சிதைந்து சயனைடு என்னும் நஞ்சு பிறக்கிறது. நிறைய நீரில் மூடாமல் வேகவைத்து வடித்தால் அது பெரிதும் நீங்கும். வேதியியல் கற்காத பாட்டிமார் இதனைக் கைவழக்கமாகக் காத்து வந்தனர். அப்பழக்கத்தைப் பெற்றுக்கொள்ளாமல் கிழங்கை மட்டும் பெற்றுக்கொள்வது ஆபத்து.

பனையைப் பற்றியும் ஒரு சொல். அக்கானி இறக்கும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவது புளிப்பைத் தடுப்பதற்காக. அதைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. பனையேறுவோர் தொகை குறைந்துகொண்டே வருகிறது. இதை வகுப்பறையில் அமர்த்திக் கற்பிக்கவும் இயலாது.

வெள்ளநாட்டில் கே. விசுவநாதன் 1956-இல் நிறுவிய மித்ரநிகேதன், அதன் வேளாண் அறிவியல் நிலையத்தின் வாயிலாக இத்தகைய பயிற்சிகளை அளித்து வருகிறது. 2018-இல் பலாவைக் கேரளம் தன் மாநிலப் பழமாக அறிவித்தது. பலா வீணாகாமல் வற்றலும் வரட்டியும் செய்யக் கற்பதில் மகளிர் குழுக்கள் இப்போது காட்டும் ஊக்கம் நமக்கு மகிழ்ச்சியே. எனினும் அழகிய உறையில் இட்டு விற்பதற்கே முதலிடம் தந்து, வீட்டுப் பரணுக்கு ஒரு பானை எடுத்து வைப்பதை மறப்பது ஏனோ?

மும்பையிலும் தில்லியிலும் வாழும் நேயர்களுக்குத் தென்னந்தோப்பு இராது; மொட்டை மாடி இருக்கும். பங்குனி, சித்திரை வெயில் அங்கும் காய்கிறது. சந்தையில் மரவள்ளி கிடைத்தால் இரண்டு கிலோ வாங்கி வாட்டிப் பாருங்கள். ஊருக்குச் செல்லும்போது முதிய அத்தையோ சித்தியோ கிழங்கை எந்தப் பதத்தில் நீரிலிருந்து எடுக்கிறார்கள் என்பதை அருகில் நின்று பாருங்கள். குழந்தைகளையும் உடன் நிறுத்திக்கொள்ளுங்கள். விரலால் அழுத்தினால் விளிம்பு இளகியும் நடு உறுதியாகவும் இருக்கும் அந்தப் பதம், கடிகாரம் பார்த்துச் சொல்லக்கூடியதன்று.