யாருக்காக இந்தக் கிளினிக்?



இந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்த நாங்கள் இருவர் இன்று ஒரே கிளினிக்கை நடத்துகிறோம். பகலில் அரசாங்க ஆஸ்பத்திரி. பின்னேரத்தில் எங்கள் கிளினிக். தொழிலையும் வீட்டையும் எப்படிக் கொண்டு நடத்துகிறீர்கள் என்று பேசும்படி சங்கத்தினர் கேட்டார்கள். முதல் 6 வருடங்கள் நாங்கள் அப்படிக் கொண்டு நடத்தவில்லை என்பதுதான் உண்மை.

வந்தவர் ஒருவரையும் திருப்பி அனுப்பக்கூடாது என்று தொடங்கினோம். 5 மணிக்குத் திறந்தால் இரவு பத்தரை வரை சனம். ஒருவருக்கு 4 நிமிடம் கிடைத்தால் பெரிய காரியம். வீட்டுக்குப் போகும்போது பிள்ளைகள் நித்திரையாகியிருப்பார்கள்.

ஒருநாள் எங்களுக்குக் கணிதம் படிப்பித்த ரீச்சர் வரிசையில் இருந்தார். சீனி வருத்தம். இரத்தப் பரிசோதனையில் சீனி கூடியிருந்தது. குளிசையைக் கூட்டி எழுதிக் கொடுத்தோம். 4 நிமிடத்தில் அலுவல் முடிந்தது. இரண்டு கிழமையின் பின் சீனி மிகவும் இறங்கி, வீட்டில் மயங்கி விழுந்தார். பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில். தனி ஆளுக்கு என்னத்தைச் சமைக்கிறது என்று, இரவில் வெறும் தேத்தண்ணியோடு படுத்துவிடுவாராம். குளிசையை மட்டும் தவறாமல் போட்டிருக்கிறார். அவர் மறைக்கவில்லை, நாங்கள்தான் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் கண் விழித்தவர் எங்களைப் பார்த்து, "உங்களுக்கு நேரமில்லை, பிள்ளையள்" என்றார். கோபத்தோடு சொல்லவில்லை. அதனால்தான் அது இன்னும் சுடுகிறது.

அந்த நாட்களில், காப்புறுதி முகவராக இருக்கும் எங்கள் வகுப்புத் தோழி தன் கதையைச் சொன்னாள். தொடக்கத்தில் கண்டவர்களுக்கெல்லாம் காப்புறுதி விற்க ஓடித் திரிந்தாளாம். பலர் தவணைப் பணத்தை இடையில் நிறுத்திவிட்டார்கள். பிறகு, தன்னால் நன்றாகக் கவனிக்கக்கூடியவர்கள் யார் என்று ஒரு தாளில் எழுதினாள்: மாதச் சம்பளமுள்ள இளம் குடும்பங்கள். நாட்குறிப்பில் மகனின் விளையாட்டுப் போட்டியையும் அம்மாவின் கிளினிக் நாளையும் முதலில் எழுதினாள். மிச்ச இடத்தில்தான் வாடிக்கையாளர் சந்திப்பு.

காப்புறுதிக்கு அது சரி, வைத்தியர் ஆளைத் தெரிவு செய்யலாமா என்று நாங்கள் பலநாள் யோசித்தோம். பணத்தைப் பார்த்துத் தெரிவு செய்தால் பிழை. எங்களால் எதை நன்றாகச் செய்ய முடியும், யாருக்கு வேறு துணை இல்லை என்று பார்த்தால் அது பிழையல்ல. நாங்களும் ஒரு தாளில் எழுதினோம்: சீனியும் பிறஷரும் உள்ள, தனித்திருக்கும் முதியவர்கள்.

இப்போது ஒரு பின்னேரத்துக்கு இருவருமாக 20 பேரைப் பார்க்கிறோம்; ஒருவருக்கு 15 நிமிடம். முதற் கேள்வி, நேற்றிரவு என்ன சாப்பிட்டீர்கள் என்பது. அரசாங்கக் கிளினிக்கில் மாதாந்தம் இலவசமாக மருந்து எடுப்பவர்களை அங்கேயே தொடரச் சொல்கிறோம். கொப்பியைக் கொண்டு வந்தால் இருந்து விளங்கப்படுத்துகிறோம். ஏழரைக்குப் பூட்டுகிறோம். வருமானம் குறைந்தது, வாங்க நினைத்த காணியைக் கைவிட்டோம். ஆனால் இரவுச் சாப்பாடு பிள்ளைகளோடுதான்.

வெளிநாடுகளில் இருக்கும் சகோதரிகளே, எங்களிடம் வருபவர்களில் பலர் உங்கள் அம்மாமார். முன்பு நடுச்சாமத்தில் எங்களை அழைப்பீர்கள். இப்போது அதற்குச் சனிக்கிழமை மாலை 6 மணி முதல் 7 மணி வரை ஒதுக்கியிருக்கிறோம். அந்நேரம் லண்டனில் மதியம், ரொறன்ரோவில் காலை, சிட்னியில் இரவு. அவசரமென்றால் எங்களைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். 1990 இலவச அம்புலன்ஸ் சேவை இருக்கிறது. அந்த இலக்கத்தைப் பெரிய எழுத்தில் எழுதி அம்மாவின் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டாருக்கும் சொல்லிவையுங்கள்.

இன்னொன்று. அம்மாவோடு கதைக்கும்போது "மருந்து போட்டீங்களோ" என்பதோடு நிறுத்தாதீர்கள். என்ன சாப்பிட்டார் என்றும் கேளுங்கள். பதில் வரும்வரை பொறுத்திருங்கள்.

ரீச்சர் இப்போதும் எங்களிடம் வருகிறார். 15 நிமிடம் முடிந்ததும் "சரி, வீட்ட போங்கோ" என்று அவரே எழும்புகிறார்.