வெயிலில் கார் கொதித்தால்
(நம் சங்கக் கூட்டத்தில் பேசியது)



நான் பி.காம். படித்துவிட்டு பேங்கில் கணக்கு எழுதியவன். மெக்கானிக் வேலை தெரியாது. ஆனால் கணக்கு டேலி ஆகாவிட்டால் தப்பு எந்த என்ட்ரியில் என்று தேடிப் பழகியிருக்கிறேன். கார் கொதிப்பதும் டேலி ஆகாத கணக்கு மாதிரிதான்.

நாம் போடும் பெட்ரோலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டப் பயன்படுகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியே சூடாகவே வெளியேறுகிறது. மீதிச் சூட்டைக் கூலண்ட் வாங்கி, ரேடியேட்டர் மூலமாக வெளிக்காற்றில் விடவேண்டும். அக்னி நட்சத்திரத்தில் வெளிக்காற்றே 40 டிகிரி இருந்தால் அந்த வேலை கடினம்தான். இருந்தாலும் நல்ல நிலையில் உள்ள வண்டி அந்த வெயிலிலும் கொதிக்காது. கொதித்தால் எங்கோ பழுது இருக்கிறது. வெயில்மேல் பழியைப் போட்டு, தண்ணீர் ஊற்றி ஊற்றி ஓட்டினால் செலவு பின்னால் பெரிதாக வரும்.

முதலில் ஆபத்தைச் சொல்லிவிடுகிறேன். முள் மேலே ஏறினால், அல்லது சிவப்பு விளக்கு எரிந்தால், வண்டியை ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். பல வண்டிகளில் சூடு மிஞ்சும்போது ஏ.சி. தானாகக் குளிர்ச்சியை நிறுத்திவிடும். அதுவே முதல் எச்சரிக்கையாக இருக்கலாம். பாலத்தின் நடுவே நிறுத்த இடமில்லை என்றால் ஏ.சி.யை அணைத்து ஹீட்டரை முழுசாக வையுங்கள். உள்ளே வியர்த்துக் கொட்டும். ஆனால் இன்ஜின் சூட்டில் கொஞ்சம் அந்த வழியாகப் போகும்.

ரேடியேட்டர் மூடியை மட்டும் உடனே தொடாதீர்கள். அது பிரஷர் குக்கர் மாதிரி. அழுத்தம் இருப்பதால் உள்ளே தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டி, 120 வரைகூடக் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்த நொடியில் ஆவியாகச் சீறி முகத்திலும் கையிலும் அடிக்கும். வெயிட் தூக்காத குக்கரை நம் வீட்டில் யாராவது திறப்பார்களா? அரை மணி, முக்கால் மணி பொறுங்கள். கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினாலும் உலோகம் விரிசல் விடலாம்.

காத்திருக்கும் நேரத்தில் ஒன்றை யோசியுங்கள்: எப்போது கொதித்தது? பாதிப் பதில் அதிலேயே கிடைத்துவிடும்.

கள்ளக்குறிச்சி நெரிசலிலோ, கரும்பு டிராக்டர் பின்னால் ஊர்ந்து போகும்போதோ மட்டும் கொதித்து, வேகமாகப் போனால் இறங்குகிறதா? அப்படியானால் ஃபேனைச் சந்தேகப்படுங்கள். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே போதும். நிற்கும்போது ஃபேன்தான் காற்று கொடுக்கவேண்டும். பெரும்பாலான வண்டிகளில் ஏ.சி. போட்டதும் ஃபேன் சுற்றும். சுற்றவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே பார்க்கச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவரிடம் ஒர்க் ஷாப்பில் ரேடியேட்டரையே மாற்றவேண்டும் என்றார்கள். வேறு இடத்தில் காட்டினார். எரிந்துபோன ஒரு ஃபியூஸை மாற்றியதோடு சரியாகிவிட்டது.

மாறாக, ஹைவேயில் வேகமாகப் போனாலோ, கச்சிராயப்பாளையம் தாண்டி வெள்ளிமலை மேட்டில் ஏறும்போதோ கொதித்தால், கூலண்ட் குறைவு, ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப் இவற்றில் ஒன்று. நம் பக்கம் ரோட்டிலேயே கதிர் காயவைக்கிறார்கள், இல்லையா? அந்தத் தூசியும் உமியும் ரேடியேட்டர் இடுக்கில் படிந்து காற்றை அடைக்கும். இன்ஜின் ஆறியபின் பைப்பை மெதுவாக வைத்துக் கழுவினால் போகும். வேகமாக அடித்தால் தகடு மடங்கிவிடும். மலை ஏறும்போது ஏ.சி.யை அணைத்து, கீழ் கியரில் போங்கள்.

கிளம்பிய சில நிமிடத்திலேயே கொதித்தால் தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்கலாம். மேல் ஹோஸ் சுடும், கீழ் ஹோஸ் சில்லென்று இருக்கும். கை வைக்கும்போது ஃபேன் பக்கம் போகாதீர்கள். சாவியை எடுத்த பிறகும் சில வண்டிகளில் அது திடீரென்று சுற்றும்.

கூலண்ட் அடிக்கடி குறைகிறதா? அது மூடிய சுற்று, தானாகக் குறையாது. எங்கே போகிறது என்று தேடுங்கள். இதற்கு நம் பார்க்கிங் தரையே நல்ல சாட்சி. வண்டி நின்ற இடத்தில் நிறமில்லாத தண்ணீர் என்றால் ஏ.சி. தண்ணீர், கவலை இல்லை. பச்சை, ரோஸ் நிறத்தில் பிசுபிசுப்பாக இருந்தால் கூலண்ட். அது லேசாக இனிக்கும், ஆனால் விஷம். நம் பிளாக்கில் நாய்களும் குழந்தைகளும் இருப்பதால், உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள். வாட்ச்மேன் தம்பியிடமும் சொல்லி வையுங்கள்; காலையில் அவர் கண்ணில்தான் முதலில் படும்.

கீழே சொட்டே இல்லை, ஆனாலும் குறைகிறது, சைலன்சரில் வெள்ளைப் புகை விடாமல் வருகிறது, ஆயில் மூடியின் அடியில் பால் காபி நிறத்தில் நுரை இருக்கிறது என்றால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அதற்குமேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். டோ செய்து கொண்டுபோவது எவ்வளவோ மலிவு.

அடுத்து தண்ணீர். போர் தண்ணீரில் பக்கெட்டில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாயிலும் படியும். நடுவழியில் வேறு வழியில்லை என்றால் கேன் தண்ணீர் ஊற்றுங்கள். வீடு வந்ததும் கம்பெனி புத்தகத்தில் சொன்ன கூலண்டை மாற்றிவிடுங்கள். கலந்து ஊற்றும் வகை என்றால் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வாங்கும் டிஸ்டில்டு வாட்டர் போதும்.

சந்தேகம் உள்ளவர்கள் ஞாயிறு காலை பார்க்கிங்குக்கு வாருங்கள். என் வண்டி பானெட்டைத் திறந்து காட்டுகிறேன். ஏழு மணிக்கே வந்துவிடுங்கள், இன்ஜின் ஆறியிருக்கும்போதுதான் எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்க முடியும்.