ஸ்டீயரிங் சர்வோ: கிலோவை மட்டும் பார்த்து வாங்காதீங்க

ஆர்.சி. காருக்கு எந்த ஸ்டீயரிங் சர்வோ வாங்கலாம்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. அதுக்கு முன்னாடி நான் பண்ண தப்பைச் சொல்லிடறேன்.

நம்ம ஊரு திருவொற்றியூர். 1950-கள்லயே என்ஃபீல்டு புல்லட் செய்ய ஆரம்பிச்ச ஊரு. ஆனாலும் ஆர்.சி. பார்ட்ஸ் வேணும்னா நான் ரிச்சி தெருவுக்குத்தான் பஸ் ஏறுவேன். என்னோட 1/10 பக்கியில கூடவே வந்த பிளாஸ்டிக் கியர் சர்வோ, கடலோரக் கல்லுல சக்கரம் மோதினதுல பல் உடைஞ்சு போச்சு. கடுப்புல கடைக்காரர்கிட்ட "இருக்கறதுலயே பலமானது குடுங்கண்ணா"ன்னேன். மெட்டல் கியர், 20 கிலோ. மாட்டினேன். வேற எதையும் யோசிக்கல.

ஞாயித்துக்கிழமை காலையில எண்ணூர் விரைவுச் சாலை பக்கம் ஒரு காலி இடம். ரிமோட் அக்கா பையன் கையில. வேகமா வந்து முழுசாத் திருப்பினான். ரிசீவர் விளக்கு அணைஞ்சிடுச்சு. மோட்டார் நின்னுபோச்சு, ஆனா வந்த வேகத்துலயே வண்டி ரோட்டைப் பார்த்து உருளுது. அந்த ரோட்ல கன்டெய்னர் லாரி எப்படி வரும்னு இந்தப் பக்கத்து ஆளுங்களுக்குத் தெரியும். பையன் வண்டி பின்னாடியே ஓடிட்டான். சட்டையைப் பிடிச்சு இழுத்தேன். வண்டி லாரி டயருக்கு அடியில அப்பளம். வண்டி போனது அப்போ மனசுலயே ஏறல. கை நடுக்கம் நிக்கறதுக்கு அரை மணி நேரம் ஆச்சு. அக்காகிட்ட இன்னும் முழுசாச் சொல்லல.

ஏன் அணைஞ்சுது? சர்வோவுக்குக் கரன்ட் பேட்டரியில இருந்து நேரா வராது. மோட்டாரைக் கட்டுப்படுத்தற இ.எஸ்.சி.க்குள்ள பி.இ.சி.ன்னு ஒரு பகுதி, வோல்டேஜைக் குறைச்சு ரிசீவருக்கும் சர்வோவுக்கும் சேர்த்துக் கொடுக்கும். என்னோடதுல 1 ஆம்பியர்தான். பெரிய சர்வோ திரும்ப முடியாம முட்டி நின்னா 2 ஆம்பியருக்கு மேலயே இழுக்கும். வோல்டேஜ் சரியும், ரிசீவர் தூங்கிடும். கிரைண்டர் போட்டா லைட்டு மங்குற மாதிரி.

அதனால முதல்ல இ.எஸ்.சி. லேபிளைப் படிங்க, அப்புறம் கடைக்குப் போங்க. தனி பி.இ.சி. மாட்டுறீங்கன்னா, இ.எஸ்.சி.ல இருந்து ரிசீவருக்கு வர்ற சிவப்பு ஒயரைக் கழட்டிடணும். கிலோ கணக்கும் புரிஞ்சுக்கோங்க: 20 கிலோன்னா தண்டுல இருந்து 1 செ.மீ. தூரத்துல 20 கிலோ. ஹார்ன் 2 செ.மீ. நீளம்னா 10 கிலோதான். பெட்டியில போட்டிருக்கறது பெரும்பாலும் அதிகபட்ச வோல்டேஜ்ல வர்ற எண். 1/10 பக்கிக்கு 10-ல இருந்து 15 தாராளம். ஹார்ன் வாங்கறப்போ பல் எண்ணிக்கையைக் கேளுங்க. 25, 24, 23னு மூணு வகை சுத்துது. மாத்தி வாங்கினா உக்காராது.

பொருத்துறதுலதான் நான் கோட்டை விட்டேன். ரிமோட்ல டிரிம், சப்-டிரிம் ரெண்டையும் பூஜ்யத்துல வைங்க. கரன்ட் கொடுங்க, சர்வோ தானா நடுவுக்கு வரும். அதுக்கு அப்புறம்தான் ஹார்னை மாட்டணும், லிங்க் கம்பிக்கு 90 டிகிரியில. கரன்ட் இல்லாம கண்ணால நடு பார்த்து மாட்டினா ஒரு பக்கம் அதிகமாத் திரும்பும், இன்னொரு பக்கம் முட்டும்.

அடுத்து எண்ட் பாயிண்ட். முழுசாத் திருப்புங்க. சக்கரம் எல்லையில நின்ன பிறகும் "ம்ம்ம்"னு ஒரு சத்தம் வந்தா, சர்வோ இன்னும் தள்ளிக்கிட்டே இருக்குன்னு அர்த்தம். சத்தம் நிக்கற வரைக்கும் அந்தப் பக்கத்து எண்ட் பாயிண்டைக் குறைங்க. ரெண்டு பக்கமும் ஒரே எண் வராது, பரவாயில்ல. அன்னிக்கு என் வண்டியிலயும் அந்தச் சத்தம் வந்துச்சு. பவரு காட்டுதுன்னு நினைச்சேன்.

சர்வோ சேவரை எடுத்துடாதீங்க. கல்லுல மோதுறப்போ அதுதான் ஸ்பிரிங் மாதிரி அடியை வாங்கிக்கும். கடைசியா, வண்டியைத் தரையில நிறுத்தி வெச்சே ரெண்டு பக்கமும் முழுசாத் திருப்பிப் பாருங்க. நின்ன வண்டியைத் திருப்பத்தான் சர்வோவுக்கு அதிக பலம் வேணும். ரிசீவர் விளக்கு கண்ணடிச்சாலே ஓட்டாதீங்க.

புது பக்கியில காதை வெச்சு "சத்தம் இல்ல மாமா"ன்னு சொல்றது இப்போ அவன் வேலை. ஓட்டுறது மதில் சுவர் இருக்கற மைதானத்துல மட்டும். சரி மக்களே, அடுத்த எபிசோடுல பார்ப்போம்.