உலகத்தோடு பேசும் வகுப்பறை, பக்கத்து பெஞ்சோடு பேசுமா?

(மாலை நேர வகுப்புகள் நடத்தும் இளைஞர்களின் பயிற்சிக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் மாலை நேர வகுப்புப் பிள்ளைகளை வெளிநாட்டுப் பள்ளிப் பிள்ளைகளோடு காணொலி வழியாகப் பேச வைக்கலாம் என்று உங்களிடம் ஒரு யோசனை இருக்கிறது. பருவநிலை மாற்றம், போர், அகதிகள், நிறவெறி, பசி என்று தலைப்புகளின் பட்டியலையும் எனக்கு அனுப்பியிருந்தீர்கள். நல்ல யோசனை. செய்யுங்கள் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். ஆனால் அந்தப் பட்டியலில் சாதி இல்லை. ஏன் இல்லை என்று கேட்டேன். "அது உலகப் பிரச்சினை இல்லையே தோழர், நம்ம ஊர்ப் பிரச்சினைதானே" என்று பதில் வந்தது. அந்த ஒரு வரிக்குப் பதில் சொல்வதுதான் இன்றைக்கு என் வேலை.

முதலில் இந்த முயற்சிகள் எங்கிருந்து வந்தன என்று பார்த்துவிடுவோம். 1988இல், பனிப்போர் முடியாத காலத்தில், நியூயார்க் மாநிலத்தின் 12 பள்ளிகளும் மாஸ்கோவின் 12 பள்ளிகளும் இணைக்கப்பட்டன. ஒரு கணினி, ஒரு மோடம், படத்தை மெல்ல மெல்ல அனுப்பும் ஒரு தொலைபேசிக் கருவி. இவ்வளவுதான் வசதி. பீட்டர் கோபன் என்பவரின் குடும்ப அறக்கட்டளை தொடங்கிய அந்தத் திட்டம்தான் பிறகு 'ஐஎர்ன்' என்ற வலையமைப்பாகி, 100க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் பரவியது. 2005இல் ஐரோப்பிய ஆணையம் 'ஈட்வின்னிங்' திட்டத்தைத் தொடங்கி ஐரோப்பியப் பள்ளிகளை இணைத்தது. 2009இல் பிரிட்டனின் முன்னாள் பிரதமர் டோனி பிளேரின் அறக்கட்டளை ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பின்னாளில் 'ஜெனரேஷன் குளோபல்' என்று பெயர் மாறிய அந்தத் திட்டத்தில் இந்தியப் பள்ளிகளும் கலந்துகொண்டன. இராக் போரில் தன் நாட்டை இறக்கியவரின் அறக்கட்டளை பிள்ளைகளுக்கு உரையாடல் கற்றுக்கொடுப்பதில் உள்ள முரண் உங்களுக்குத் தெரியும். ஆனாலும் அங்கே கற்றுக்கொள்ள ஒரு விஷயம் இருக்கிறது. பயிற்சி பெற்ற நெறியாளர்கள்தான் காணொலி அமர்வுகளை நடத்தினார்கள். எப்படிக் கேட்பது, எப்படிக் கேள்வி எழுப்புவது என்று பிள்ளைகள் முன்கூட்டியே பயின்றுவிட்டு வந்தார்கள்.

மாஸ்கோ, நியூயார்க் பிள்ளைகளுக்கு அந்தத் திரை எதைக் கொடுத்தது? எதிரி என்று அரசு சொல்லிவைத்திருந்த ஒருவருக்கு முகம் கொடுத்தது. அரசின் வாய் வழியாக இல்லாமல், ஒரு பிள்ளை தன் வாயால் தன் வாழ்க்கையைச் சொல்ல முடிந்தது. இந்த ஏற்பாட்டின் பலம் அதில்தான் இருக்கிறது. அது இல்லையென்றால் மிஞ்சுவது சுற்றுலாத் துறை விளம்பரம்.

நம் பள்ளிகளில் என்ன நடக்கிறது? என் ஆய்வுக்காக 2022இல் தென்மாவட்டப் பள்ளி ஒன்றில் இப்படி ஒரு அமர்வைப் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். பள்ளியின் பெயர் வேண்டாம். எதிர்முனையில் ஐரோப்பிய நாடொன்றின் பள்ளி. தலைப்பு: பாகுபாடு. நம் பிள்ளைகள் பிரமாதமாகத் தயாரித்து வந்திருந்தார்கள். ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டதைப் பற்றி ஒரு மாணவன் பேசியபோது எனக்கே கண் கலங்கியது. பேசி முடித்ததும் எதிர்முனையில் இருந்த பையன் ஒருவன் கேட்டான்: "உங்கள் எல்லோர் கையிலும் கலர் கலராகக் கயிறு கட்டியிருக்கிறதே, அழகாக இருக்கிறது. நட்புக் கயிறா?"

வகுப்பில் முதலில் ஒரு சிரிப்பு. அடுத்த நொடி யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஆசிரியர் குனிந்து மைக்கில், "ஆமாம், கோயில் கயிறு, எங்கள் பண்பாடு" என்றார். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

அந்தக் கயிறுகள் என்னவென்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எந்தக் கலர் எந்தச் சாதி, யாரோடு யார் சேரலாம், யாரை எங்கே அடிக்கலாம் என்று சொல்லும் அடையாள அட்டை அது. நிறவெறியைப் பற்றி 40 நிமிடம் பேசிய வகுப்பு, தன் மணிக்கட்டைப் பற்றி ஒரு நிமிடம் பேச முடியாமல் போனது. பிறகு விசாரித்தேன். பேசுவதற்கு ஆங்கிலத்தை வைத்து 6 பேரைத் தேர்வு செய்திருந்தார்கள். காலனியிலிருந்து வரும் பிள்ளை அதில் ஒருவர்கூட இல்லை. காலனிப் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் அன்று வேலை இருந்தது. பெஞ்சுகளை நகர்த்தியதும் திரையைக் கட்டியதும் அவர்கள்தான்.

அந்த ஆசிரியரைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். நான் அதைச் செய்ய மாட்டேன். "இது சாதிக் கயிறு" என்று அவர் மைக்கில் சொல்லியிருந்தால், மறுநாள் காலை பள்ளி வாசலில் யார் யார் வந்து நிற்பார்கள் என்று அவருக்குத் தெரியும். அவர் பயந்தது உண்மையான ஒன்றைப் பார்த்துத்தான். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் நாங்குநேரியில் அது என்னவென்று நாடே பார்த்தது. 12ஆம் வகுப்பு படித்த தலித் மாணவனை, அதே பள்ளியில் படித்த ஆதிக்க சாதி மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அதன் பிறகு அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கலர் கயிறுகளுக்குத் தடை, அகர வரிசைப்படி இருக்கை என்று பரிந்துரைத்தது. வகுப்பில் யார் எங்கே உட்காருவது என்பதற்கே ஒரு நீதிபதி பரிந்துரை எழுத வேண்டிய நிலையில் இருக்கிறோம் தோழர்களே.

"உலகப் பிரச்சினை" என்ற சொல்லுக்கு வருவோம். ஒரு பிரச்சினை தானாக உலகப் பிரச்சினை ஆகிவிடுவதில்லை. யாரோ அதைத் தூக்கிக்கொண்டு உலகத்தின் முன் போய் நிற்க வேண்டும். நிற்கவிடாமல் தடுக்க இன்னொரு கூட்டம் இருக்கும். 2001இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இனவெறிக்கு எதிரான ஐ.நா. மாநாடு நடந்தது. சாதியையும் அங்கே விவாதிக்க வேண்டும் என்று தலித் இயக்கங்கள் கோரின. சாதி என்பது இனம் அல்ல, அது எங்கள் உள்நாட்டு விவகாரம் என்று இந்திய அரசு எதிர்த்தது. இறுதிப் பிரகடனத்தில் சாதி என்ற சொல் வரவில்லை. தோல்வியா? அடுத்த ஆண்டே, 2002இல், இனப்பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. குழு தன் 29ஆவது பொதுப் பரிந்துரையை வெளியிட்டது. பிறப்பின் அடிப்படையிலான பாகுபாடு என்பதில் சாதியும் அடங்கும் என்று அதில் எழுதப்பட்டது. டர்பன் வரை போய்ப் பேசிய குரல்கள் வீண்போகவில்லை.

"நம்ம ஊர்ப் பிரச்சினைதானே" என்ற அந்த வரி, டர்பனில் இந்திய அரசு சொன்ன வரி. நம்மையே அறியாமல் நம் வாயில் அது வந்து உட்கார்ந்திருக்கிறது. ஒரு வித்தியாசம் உண்டு. அரசு அதை உள்நாட்டு விவகாரம் என்றது, பள்ளி அதைப் பண்பாடு என்கிறது. வேலை ஒன்றுதான்: வெளியே தெரியக்கூடாது.

வெளியே தெரிய வேண்டும் என்று நினைத்தவர்களின் வரலாறு நமக்கு இருக்கிறது. 1873இல் ஜோதிராவ் புலே தன் 'குலாம்கிரி' நூலை, அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குச் சமர்ப்பித்தார். 1946இல் பாபாசாகேப் அம்பேத்கர், அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் பிரதிகள் வேண்டும் என்று கேட்டார். தீண்டப்படாத மக்களும் அதே வழியில் போகலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார். அதே ஆண்டு ஜூலையில் டு பாய்ஸ் ஆதரவாகப் பதில் எழுதினார். 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் உருவானபோது, அந்தப் பெயரே கடல் தாண்டி வந்தது. கடல் தாண்டிப் போன கடிதத்தால் முடிந்தது, கையில் இணையம் இருக்கும் நம்மால் முடியாதா?

யாரோடு பேசுவது என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள். வெளிநாடு என்றதும் நமக்கு ஒரு வெள்ளைக்காரப் பள்ளிதான் மனதில் வருகிறது. செக் நாட்டின் ஒஸ்ட்ராவா நகரில் ரோமா இனப் பிள்ளைகளை, மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான சிறப்புப் பள்ளிகளில் கொத்தாகச் சேர்த்துவந்தார்கள். 18 ரோமா மாணவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2007 நவம்பரில் இது பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. "உனக்கெல்லாம் படிப்பு வராது" என்று கடைசி பெஞ்சில் உட்கார வைக்கப்பட்ட நம் பிள்ளைக்கு, அந்த ரோமா பிள்ளையோடு பேச எவ்வளவு இருக்கும்! ஜப்பானில் புராகுமின் மக்கள் இருக்கிறார்கள். தோல் தொழில், பிணம் சார்ந்த வேலைகள் செய்ததால் தீட்டு என்று ஒதுக்கப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். அவர்கள் வாழும் ஊர்களின் பெயர்ப் பட்டியல் ரகசியமாக நிறுவனங்களுக்கு விற்கப்பட்டதும், அதை வைத்து வேலை மறுக்கப்பட்டதும் 1975இல் அம்பலமானது. முகவரியைக் கேட்டதும் முகம் மாறும் அனுபவம் நமக்கும் புதிதா என்ன?

மொழி பற்றி ஒரு கேள்வி வரும். ஆங்கிலம் தெரியாத பிள்ளை என்ன செய்யும்? தமிழிலேயே பேசலாம். இலங்கை மலையகத் தோட்டப் பள்ளிகளின் பிள்ளைகள் தமிழ் பேசுகிறவர்கள்தான். 19ஆம் நூற்றாண்டில் இங்கிருந்து கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட, பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த மக்களின் வாரிசுகள். 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக ஆக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள். குடியுரிமை, கூலி, இடப்பெயர்வு என்று நீங்கள் தேடும் உலகப் பிரச்சினைகள் அத்தனையும் ஒரே தமிழ் உரையாடலில் வந்துவிடும். மற்ற நாடுகளோடு பேசும்போது மொழிபெயர்க்க நீங்கள் இருக்கிறீர்கள். பிள்ளை தமிழில் பேசட்டும், நீங்கள் ஆங்கிலத்தில் சொல்லுங்கள். நேரம் இரண்டு மடங்காகும். ஆகட்டும்.

கடைசியாக, நடைமுறை பற்றிச் சில வார்த்தைகள்.

திரைக்கு முன் உட்காருகிறவர்கள் சுழற்சி முறையில் மாற வேண்டும். பெஞ்சு நகர்த்தும் வேலையும் அப்படியே. உலகத்தைக் கேள்வி கேட்கும் முன், பிள்ளைகள் தங்கள் பள்ளியை ஒரு வாரம் கவனித்துக் குறிப்பெடுக்கட்டும். கழிப்பறையைக் கழுவுவது யார், தண்ணீர்க் குழாயில் யார் முதலில் குடிக்கிறார், வாத்தியார் யாரைப் பெயர் சொல்லி அழைக்கிறார், யாரை ஊர் சொல்லி அழைக்கிறார். ஆய்வு என்றால் இதுதான். பிஎச்.டி.க்கு நான் செய்வதும் ஏறக்குறைய இதைத்தான்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. தலித் பிள்ளையை எழுப்பி நிறுத்தி "உன் கஷ்டத்தைச் சொல்" என்று கேட்காதீர்கள். அது உரையாடல் இல்லை, காட்சிப்பொருள் ஆக்குவது. சொல்லவும் சொல்லாமல் இருக்கவும் அந்தப் பிள்ளைக்கு உரிமை உண்டு. கயிறு கட்டிய பிள்ளையிடம் கேளுங்கள்: இதை யார் கட்டிவிட்டார்கள், எப்போது, கழற்றினால் வீட்டில் என்ன சொல்வார்கள்? நம் வகுப்புகளுக்கு இடைநிலைச் சாதிப் பிள்ளைகளும் வருகிறார்கள். அவர்களுக்கும் அது ஒரு விலங்குதான் என்று அவர்களே கண்டுபிடிக்க வேண்டும். அமெரிக்க வெள்ளைக்காரச் சிறுமி ஒருத்தி தன் குடும்பத்தின் நிறவெறியைப் பற்றித் திரையில் வெட்கத்தோடு பேசுவதைக் கேட்டால், நம் பையனுக்கும் நாக்கு அவிழலாம். பக்கத்து பெஞ்சு சொல்லிக் கேட்காததைச் சில நேரம் தூரத்து பெஞ்சு சொல்லிக் கேட்போம்.

பாதுகாப்பை மறந்துவிடாதீர்கள். திரை அணைந்த பிறகு பிள்ளை அதே தெரு வழியாகத்தான் வீட்டுக்கு நடந்து போக வேண்டும். பெற்றோரிடம் முன்பே பேசுங்கள். பதிவு செய்யாதீர்கள். செய்தால் எங்கும் பகிராதீர்கள். பெயரும் ஊரும் சொல்ல வேண்டியதில்லை. ஏதாவது நடந்தால் யாரை அழைப்பது, எந்த வழக்கறிஞர் தோழர் உடனே வருவார் என்பதை அமர்வுக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். பிள்ளையின் தைரியத்தை மட்டும் நம்பி நாம் இறங்கக்கூடாது. பொறுப்பு நம்முடையது.

நீங்கள் அனுப்பிய தலைப்புப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். சாதியை ஆறாவது தலைப்பாகச் சேர்த்தால் போதாது. முந்தைய ஐந்தின் உள்ளேயும் அதைத் தேடுங்கள். வெள்ளம் வந்தால் முதலில் மூழ்கும் தாழ்ந்த நிலத்தில் யார் வீடு இருக்கிறது? நிவாரண முகாமில் யார் எங்கே படுக்கிறார்கள்? பசி யார் வீட்டுக்கு முதலில் வருகிறது? இந்தக் கேள்விகளோடு நம் பிள்ளைகள் திரைக்கு முன் உட்கார்ந்தால், அவர்கள் உலகத்துக்குச் சொல்லவும் ஏதோ இருக்கும்.

முதல் அமர்வின் முதல் கேள்வியைப் பிள்ளைகளே எழுதட்டும். நீங்கள் திருத்தாதீர்கள்.