கடலோரம் ஒரு கல்லூரி

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாம் ஆண்டு விழாவில் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தபோது, வட்டத்தின் வளர்ச்சியைப் பற்றியே பேசலாம் என எண்ணினேன். ஆயினும் தன்னைத்தானே பாராட்டிக்கொள்ளும் விழா விரைவில் மறக்கப்படும். வேறோர் அமைப்பு எவ்வாறு பிறந்தது, எவ்வாறு வளர்ந்தது, எதனால் நிலைத்தது என்று பார்த்து, அந்தக் கண்ணாடியில் நம் முகத்தைக் காண்பது பயனுடையது. எனவே சென்னைக் கடற்கரையில் நூறாண்டைக் கடந்து நிற்கும் இராணி மேரிக் கல்லூரியின் கதையை இன்று உங்கள் முன் வைக்கின்றேன். அக்கல்லூரியில் நான் படித்தவளும் அல்லேன், பணியாற்றியவளும் அல்லேன். எனினும் அதனோடு எனக்கொரு கணக்கு உண்டு. அதனை இறுதியில் சொல்கின்றேன்.

திரைக்குப் பின்னே ஓர் இருக்கை

கல்லூரியின் கதை அது தொடங்கிய ஆண்டில் தொடங்குவதில்லை. அது இல்லாத காலத்தில் பெண்கள் பட்ட பாட்டிலிருந்தே தொடங்குகின்றது.

1904ஆம் ஆண்டு, புதுக்கோட்டை மகாராசா கல்லூரியில் ஒரு பெண் சேர விண்ணப்பித்தார். ஆண்கள் மட்டுமே பயின்ற கல்லூரி அது. பெண்ணைச் சேர்த்தால் மாணவர் கெடுவர் என்று எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இசைவளித்தபின்பே அவருக்கு இடம் கிடைத்தது. மூடிய வண்டியில் வந்து, திரைக்குப் பின்னே அமர்ந்து அவர் பாடம் கேட்டார் என்பர். அவரே பின்னாளில் மருத்துவராகவும் சட்டமன்ற உறுப்பினராகவும் விளங்கிய முத்துலட்சுமி ரெட்டி. அந்த மூடிய வண்டியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் அதனிடம் வருவோம்.

இதே காலத்தில் சென்னையில் மற்றொரு பெண். பன்னிரண்டு வயது நிரம்புமுன் மணமாகி, மணமான சிறு காலத்திலேயே கணவனை இழந்தவர். தந்தையார் சுப்பிரமணிய ஐயர் ஊரார் பேச்சைப் புறந்தள்ளி மகளைப் படிக்க வைத்தார். 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்று, சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துக் கைம்பெண் என்னும் பெயரைப் பெற்றார். அவர் சகோதரி சுப்புலட்சுமி. அடுத்த ஆண்டே, தம்மைப் போன்ற இளங் கைம்பெண்கள் சிலருக்குத் தம் இல்லத்திலேயே விடுதி தொடங்கினார்.

ஒருவருக்கு மன்னரின் ஆணை துணை. மற்றவருக்குத் தந்தையின் துணிவு துணை. இவ்விரண்டும் வாய்க்காத பெண் என்செய்வாள்? இந்தக் கேள்விக்கு விடையாகவே ஒரு கல்லூரி தேவைப்பட்டது.

1914

அந்த ஆண்டு சூலைத் திங்களில், 'சென்னை மகளிர் கல்லூரி' என்னும் பெயரில், சென்னை நகரின் முதல் பெண்கள் கல்லூரியை அரசு தொடங்கியது. ஆக்சுபோர்டில் பயின்ற டாரதி டி லா ஹே என்னும் ஆங்கிலப் பெண்மணி முதல்வராகப் பொறுப்பேற்றார். மாணவியர் மிகச் சிலர். கட்டடமோ, கல்லூரிக்கெனக் கட்டப்பட்டதன்று. கேப்பர் என்னும் படை அலுவலரின் பெயர் தாங்கிய பழைய கடற்கரை மாளிகை. இடையில் பயணியர் தங்கும் விடுதியாகவும் இருந்தது. வழிப்போக்கர் தங்கிய அறைகள் வகுப்பறைகள் ஆயின.

டி லா ஹே அம்மையார் 1936 வரை, இருபத்திரண்டு ஆண்டுகள் முதல்வராக இருந்தார். பெண்களுக்குக் கல்லூரி வைப்பதென்றால் பாடம் நடத்த ஆசிரியர் மட்டும் போதார், தங்க இடமும் வேண்டும் என்பது அக்காலத்தின் நடைமுறை உண்மை. தஞ்சையிலிருந்தும் மலபாரிலிருந்தும் வரும் பெண் எங்கே தங்குவாள் என்பதே வீட்டாரின் முதற்கேள்வி. எனவே இடமும் கட்டடமும் பெருகின. 1915இல் பென்ட்லாண்ட் இல்லம், 1918இல் ஸ்டோன் இல்லம், 1921இல் ஜெய்ப்பூர் இல்லம் என வளாகம் விரிந்தது. ஜெய்ப்பூர் என்றதும் இராசத்தானத்து நகரை எண்ண வேண்டா. அந்நாளில் சென்னை மாகாணத்தின் வடகோடியில் இருந்த ஒரு சமீன் அது. இடையே 1917இல், ஐந்தாம் சார்சு மன்னரின் துணைவியார் பெயரால் கல்லூரிக்கு 'இராணி மேரிக் கல்லூரி' எனப் பெயர் சூட்டப்பெற்றது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆளுநர் பெயரில் ஓர் இல்லம், சமீனின் பெயரில் ஓர் இல்லம், அரசியின் பெயரில் கல்லூரி. முதல் நாள் அஞ்சி அஞ்சிப் படியேறிய அந்த மாணவியருள் ஒருவர் பெயரிலேனும் அன்று ஒரு தூண்கூட இல்லை. கட்டடம் கொடுத்தவரைக் கல்வெட்டு நினைக்கின்றது. கட்டடத்திற்குப் பொருள் கொடுத்தவரை எவர் நினைப்பது?

நடந்து வந்தவர்கள்

அவர்களுள் சிலரையேனும் நாம் அறிவோம். மெரினாக் கடற்கரையில் கல்லூரிக்கு வடக்கே, நடந்து செல்லும் தொலைவில் ஒரு வட்டவடிவ மாளிகை உண்டு. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் எழுந்த அக்கட்டடத்தை 'ஐஸ் ஹவுஸ்' என்றே மக்கள் அழைத்தனர். 1897இல் விவேகானந்தர் தங்கிய இடமும் அதுவே. இன்று அவர் பெயரால் விவேகானந்தர் இல்லம் எனப்படுகின்றது. சகோதரி சுப்புலட்சுமியின் விடுதி வளர்ந்து அந்த மாளிகைக்குக் குடிபெயர்ந்தது. அங்கிருந்து இளங் கைம்பெண்கள் கல்லூரிக்கு நடந்து வந்தனர். மங்கல நிகழ்ச்சிகளில் எதிரே வரக்கூடாதவர் என்று ஒதுக்கப்பட்ட பெண்கள், கையில் நூலுடன் கடற்கரைச் சாலையில், எல்லார் எதிரிலும் நடந்து வந்தனர். அந்த நடையைவிடப் பெரிய கவிதையொன்றை அக்காலத்துச் சென்னை எழுதியதாக நான் எண்ணவில்லை.

ஆயினும் உண்மையை முழுதாகச் சொல்ல வேண்டும். அவ்விடுதி பார்ப்பனக் கைம்பெண்களுக்கானது. ஒரு கதவு திறந்தபோது பல கதவுகள் மூடியே இருந்தன. 1930ஆம் ஆண்டளவில் தேவதாசிக் குடும்பத்துப் பெண்கள் சிலர் படிக்க விரும்பி அடைக்கலம் கேட்டபோது, நகரத்து விடுதிகள் அவர்களை ஏற்க மறுத்தன. முத்துலட்சுமி ரெட்டி தம் இல்லத்திலேயே அவர்களுக்கு இடமளித்தார். அவ்வாறு பிறந்த நிறுவனத்திற்கு அவர் இட்ட பெயர் 'அவ்வை இல்லம்'. ஆளுநரும் அரசியும் கட்டடங்களுக்குப் பெயராகி நின்ற நகரத்தில், ஒரு தமிழ்க் கவிஞரின் பெயர், போக்கிடமற்ற பெண்களின் வீட்டுக்குப் பெயராயிற்று. கவிஞர்கள் கூடிய இந்த அவையில் இதனைச் சொல்லாமல் போவது முறையன்று.

கல்லூரிக்கு வந்தவர்களுள் தலைச்சேரியில் 1897இல் பிறந்த சானகி அம்மாளும் ஒருவர். இராணி மேரியில் பட்டம் பெற்று, மாநிலக் கல்லூரியில் 1921இல் தாவரவியல் சிறப்புப் பட்டம் பெற்று, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் வரை சென்று அறிஞரானார். கோயம்புத்தூரில் கரும்பின் மரபணுக் கூறுகளை ஆய்ந்தார். பயிர்த் தாவரங்களின் குரோமோசோம்களைத் தொகுத்துரைக்கும் நூலைத் தார்லிங்டன் என்னும் அறிஞரோடு இணைந்து 1945இல் வெளியிட்டார். நாம் அருந்தும் தேநீரின் இனிப்பிலும் ஒரு பெண்கள் கல்லூரியின் பங்கு உண்டு என்றால் அது மிகையாகாது.

இசைக்கும் அக்கல்லூரி வாயில் திறந்தது. இசையறிஞர் சாம்பமூர்த்தி அங்கு விரிவுரையாளராக இருந்து கற்பித்தார். குலத்தொழிலாகவோ கோயிற்பணியாகவோ மட்டுமே கருதப்பட்ட ஒரு கலை, எவரும் பயிலத்தக்க கல்வித்துறையாக மாறிய வரலாற்றில் இதற்கு இடமுண்டு.

கல்லூரி காணாத ஒருவர்

இந்த இடத்தில் கல்லூரியே காணாத ஒரு பெண்ணையும் நினைவுகூர விரும்புகின்றேன். அதே திருவல்லிக்கேணியில், ஐந்தரை வயதில் மணமாகி வந்து, பள்ளிக்கூடமே செல்லாதவர் வை. மு. கோதைநாயகி அம்மாள். தம் முதல் நாடகத்தைத் தாம் சொல்ல, தோழி ஒருவர் எழுதினார். 1925இல் 'ஜகன்மோகினி' இதழை ஏற்று, முப்பதாண்டுகளுக்கு மேல் நடத்தினார். நூற்றுக்கு மேற்பட்ட புதினங்கள் எழுதினார்.

அப்படியானால் கல்லூரி எதற்கு என்று கேட்கத் தோன்றும். நான் அவ்வாறு கேளேன். அந்தத் தோழி அருகில் இல்லாதிருந்தால்? கணவர் தடுத்திருந்தால்? ஆற்றல் கல்லூரியால் பிறப்பதில்லை. அது முன்பே உள்ளது. அந்த ஆற்றலுக்கு ஓர் இருக்கை, ஒரு நேரம், போய்வர வழி, தங்க ஓர் அறை இவற்றை ஒருவருடைய நல்லெண்ணத்தைச் சாராமல் உறுதியாக்குவதே கல்லூரியின் பணி. முத்துலட்சுமிக்கு மூடிய வண்டி. கைம்பெண்களுக்கு ஐஸ் ஹவுஸ். கோதைநாயகிக்குத் தோழியின் எழுதுகோல். பாடத்திட்டத்தில் இடம்பெறாத இவையே கல்வியின் அடித்தளம்.

2003

தொண்ணூறாண்டை நெருங்கிய வேளையில் கல்லூரிக்கு ஒரு சோதனை வந்தது. 2003 ஏப்ரலில், அவ்வளாகத்தில் புதிய தலைமைச் செயலகம் கட்டும் திட்டத்தை மாநில அரசு அறிவித்தது. மாணவியர் வளாகத்தை விட்டு வெளியேற மறுத்து, இரவும் பகலும் அங்கேயே அமர்ந்தனர். ஆசிரியர்களும் முன்னாள் மாணவியரும் துணை நின்றனர். வழக்குகள் தொடுக்கப்பட்டன. திட்டம் கைவிடப்பட்டது. 2014இல் கல்லூரி தன் நூற்றாண்டைக் கண்டது.

அதன் அரசியலை இங்கு நான் பேச வரவில்லை. எனக்கு வியப்பளித்தது வேறொன்று. ஒரு காலத்தில் பெண் கல்லூரிக்குள் நுழைவதே போராட்டமாக இருந்தது. தொண்ணூறு ஆண்டுகளில் கல்லூரியை விட்டு வெளியேறாமை போராட்டமாயிற்று. பழைய கேப்பர் மாளிகை இன்று இல்லை. ஆயினும் கல்லூரி இருக்கின்றது. கட்டடம் வேறு, கல்லூரி வேறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

என் கணக்கு

தொடக்கத்தில் சொன்ன கணக்குக்கு வருகின்றேன். என் அன்னையார் பள்ளியிறுதித் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்று, 1970களில் அக்கல்லூரிக்கு விண்ணப்பித்தார். இடமும் கிடைத்தது. பாட்டனார் கடிதத்தைப் படித்துவிட்டு, "பட்டணத்தில் தனியே எங்கே தங்குவாய்?" என்று மட்டும் கேட்டார். அம்மாவிடம் விடை இல்லை. அடுத்த தை மாதத்தில் திருமணம். அக்கடிதத்தை அவர் நெடுநாள் பெட்டியடியில் வைத்திருந்தார்.

நான் முனைவர் பட்டம் பெற்றபின் ஒருமுறை அம்மாவைச் சென்னைக்கு அழைத்துச் சென்றேன். கடற்கரைச் சாலையில் வண்டியை நிறுத்தி, "இதுதான் அம்மா" என்றேன். உள்ளே வரவில்லை என்றுவிட்டார். வாயிலருகே சற்று நேரம் நின்றார். மாணவியர் கூட்டமாய் வெளியே வந்துகொண்டிருந்தனர். பிறகு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "விடுதி எந்தப் பக்கம்?"

பாட்டனாரின் கேள்விக்கு விடை முப்பதாண்டுக் காலம் தாழ்ந்து கிடைத்தது. வகுப்பறையை அவர் கேட்கவில்லை, நூலகத்தைக் கேட்கவில்லை. தம் வாழ்வைத் திருப்பிய கேள்வி எதுவோ அதையே கேட்டார்.

நம் வட்டத்திற்கு

அன்பர்களே, பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் கூடுகின்றோம். நூலக மாடியில் பத்துப் பன்னிருவராய்த் தொடங்கியது, இன்று இந்த அரங்கை நிறைக்கின்றது. பெருமைதான். ஆயினும் நம் வருகைப் பதிவேட்டை இவ்வுரைக்காகப் புரட்டிப் பார்த்தேன். முதலாண்டில் கையெழுத்திட்ட பெண்கள் எழுவர். அவர்களுள் இன்றும் வருவோர் இருவர், நானும் இன்னொருவரும். மற்ற ஐவரும் கவிதை எழுதுவதை நிறுத்திவிட்டனரா? நான் அறிந்தவரை இல்லை. மாலை ஆறரைக்குத் தொடங்கும் கூட்டத்தில், கவியரங்கம் எட்டரைக்கு முன் வருவதில்லை. கடைசிப் பேருந்துக்கு அஞ்சி எழுந்து செல்வோர், தம் கவிதையைக் கைப்பையிலேயே கொண்டுசென்றனர். எவரும் அவர்களைத் தடுக்கவில்லை. எவரும் நேரத்தை மாற்றவும் இல்லை. நானும் கேட்கவில்லை, அந்தக் குறையில் எனக்கும் பங்குண்டு.

ஆகவே பதினோராம் ஆண்டுக்கு இரண்டு வேண்டுகோள்கள். ஒன்று, கூட்டத்தைப் பிற்பகல் மூன்று மணிக்கு மாற்றுவோம்; கவியரங்கத்தை முதலில் வைப்போம். இரண்டு, இம்மலரில் புரவலர் பட்டியலோடு, முதலாண்டில் கையெழுத்திட்ட அனைவர் பெயரையும், வந்து நின்றுபோனவர் பெயரையும் சேர்த்து, அவரவர் இசைவோடு அச்சிடுவோம். கட்டடம் கொடுத்தவர் பெயர் எப்படியும் நிற்கும். நடந்து வந்தவர் பெயர், நாம் எழுதினால்தான் நிற்கும்.

அந்த ஐவருக்கும் அடுத்த கூட்டத்தின் அழைப்பை நானே நேரில் கொண்டு கொடுக்கின்றேன். அவர்கள் எத்தனை மணிக்குக் கூட்டம் என்று கேட்பார்கள். விடையோடு செல்ல எனக்கு உதவுங்கள்.